எழுபத்தேழு மைல்

எங்கள் காருக்கு இரண்டு வயது. மீட்டர் காட்டுகிற வயது ஒன்று, டயர்களுக்குத் தெரிந்த வயது ஒன்று.

மீட்டரில் முப்பத்தெட்டாயிரம் மைல் இருக்கிறது. சக்கரங்கள் தரையில் உருண்டதோ ஒரு லட்சத்துக்குப் பக்கம். நடுவில் இருக்கிற வித்தியாசமெல்லாம் இழுபட்டுப் போன மைல்கள். நாங்கள் குடியிருக்கிற, பேருந்து அளவு மோட்டார் வீட்டின் பின்னால் இழுவைக் கம்பியில் மாட்டி, நியூட்ரலில் போட்டு, ஒன்பது வருடமாக அந்தக் காரை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகிறோம். இழுபடும்போது மீட்டர் தூங்கும். டயரும் பேரிங்கும் தூங்காது, தேய்ந்துகொண்டே வரும். அதனால் இழுத்த மைலை யாராவது தனியாக எழுதிவைக்க வேண்டும்.

என் கணவன் ஆரின் எழுதுவான். பச்சை அட்டை போட்ட நோட்டு. பெரிய வண்டியின் மீட்டர் ஒரு கட்டம், காரின் மீட்டர் ஒரு கட்டம், இழுத்தது ஒரு கட்டம், கடைசியில் குறிப்பு. பால் வாங்க நான்கு மைல் போய்வந்தாலும் 'பால், 4' என்று ஒரு வரி இருக்கும். டகோட்டாவில் நாற்பது வருடம் கோதுமை விதைத்தவன், அங்கேயும் இப்படித்தான் டிராக்டர் ஓடிய மணியை எழுதினான். மற்றவர்கள் தொலைபேசியில் ஏதோ வைத்துக்கொண்டு அதுவே கணக்குப் போடுகிறது என்கிறார்கள். ஆரின் அதை நம்புவதில்லை.

இதில் என் பங்கு ஒன்றே ஒன்று. ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்ததும் அவன் கம்பியின் ஊசிகளைக் கழற்றுவான். நான் காரில் உட்கார்ந்து ஓரமாக எடுத்து நிறுத்துவேன். அப்போது மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நான் பார்ப்பதில்லை. மேல் வரியில் இருக்கிற எண்ணையே கீழேயும் எழுதிவிடுவேன். இழுத்து வந்த காரின் மீட்டர் மாறியிருக்காது என்று தெரிந்த பிறகு எதற்குப் பார்ப்பது? இதை அவனிடம் நான் சொன்னதில்லை. மறைக்கவும் இல்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்களுக்குள் நிறைய விஷயங்கள் அப்படித்தான் இருந்தன.

சொன்ன விஷயம் ஒன்று உண்டு. எனக்கு நிற்க வேண்டும். ஓர் ஊரில், ஒரு வீட்டில். மோட்டார் வீட்டில் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் மாறும், உள்ளே எதுவும் மாறாது. நாற்காலிகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். எனக்கு இது தலைகீழாக வேண்டியிருந்தது. வெளியே எப்போதும் ஒரே மரம். உள்ளே, தோன்றினால் நாற்காலியைத் தூக்கி வேறு இடத்தில் போடலாம். போன வருடம் இதைச் சொன்னபோது ஆரின் சிரிக்கவில்லை.

"நின்னவன் கதிய பாத்தல்ல?" என்றான்.

அவன் தம்பி கார்டியைச் சொன்னான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவன் கார்டி. முதலில் எண்களை மறந்தான், பிறகு அடுப்பை அணைக்க மறந்தான், இப்போது மைனாட்டில் ஒரு காப்பகத்தில் இருக்கிறான். போன கோடையில் பார்க்கப் போனபோது ஆரினைக் கைகுலுக்கி, "நீங்க எந்தப் பக்கத்துக்காரர்?" என்று மரியாதையாக விசாரித்தான். உட்கார்ந்ததால்தான் தம்பிக்கு அப்படி ஆயிற்று என்பது ஆரினின் எண்ணம். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஆரினுக்கு அது ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது: ஓடிக்கொண்டிருக்கிறவரை மூளை ஓடும். அதனால் நான் வீடு என்றால் அவன் காதில் கார்டி என்று விழும். நானும் அதற்குப் பிறகு பேச்சை எடுக்கவில்லை.

இந்தக் குளிர்காலம் நியூ மெக்சிகோவின் டெமிங்கிலிருந்து அரிசோனாவின் பென்சனுக்கு வந்தோம். வழியில் சான் சைமன் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். எங்கள் கார் ரகத்தை இழுக்கும்போது சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அதன் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். கியர் பெட்டியில் எண்ணெய் சுற்றி வர. பிறகு மறுபடி நியூட்ரல், மறுபடி சாவியை முதல் படிக்கு. முதல் படியில் ஸ்டீயரிங் பூட்டு விடுபட்டிருக்கும், மீட்டர் தூங்கும். அதற்கு மேல் ஒரு படி போய்விட்டால் மீட்டர் விழித்துக்கொண்டு இழுக்கிற மைலையெல்லாம் ஓட்டிய மைலாக எண்ணத் தொடங்கிவிடும். அன்று புழுதிக் காற்று. ஆரின் தொப்பியைப் பிடித்துக்கொண்டே எல்லாம் செய்தான். நான் உள்ளே உட்கார்ந்து ரொட்டியில் ஹாம் வைத்துக்கொண்டிருந்தேன்.

பென்சனில் நாங்கள் வண்டியை நிறுத்துகிற முகாமின் சலவை அறையில் ஒரு அறிவிப்புப் பலகை. பழைய சைக்கிள், சீட்டாட ஆள் தேவை, நாய்க்குட்டிகள். அதற்கு நடுவில் கையால் எழுதிய ஒரு அட்டை: வில்காக்ஸில் சிறிய வீடு, நீண்ட கால வாடகைக்கு, அவசரக்காரர்கள் வேண்டாம். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். துணி உலர்கிறவரை இரண்டு முறை எடுத்துப் படித்தேன்.

பக்கத்து இடத்து வெண்டல், பழைய டயர் பார்க்க ஆரினை டூசானுக்குத் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போன நாளில் நான் வில்காக்ஸுக்குப் போனேன். காரைக் கிளப்பும்போது எதையும் தீர்மானிக்கவில்லை. பார்த்துவிட்டு வரலாம் என்றுதான்.

வீட்டுக்காரி ஒஃபீலியா, முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கையால் வீட்டைக் காட்டிக்கொண்டே கண்ணால் என்னை அளந்தாள்.

"முகாம்ல இருந்து வரவங்க மூணு மாசத்துல கிளம்பிடறாங்க. நீயும் அப்படித்தானா?"

"தெரியல."

"வீட்டுக்காரர் வரலியா?"

"அவருக்குத் தெரியாது."

"சரிதான்," என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்து காட்டினாள். வெளியே ஒரு பீக்கன் கொட்டை மரம், இலையில்லாமல். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அவள் பின்கட்டுக்குப் போனபோது அதை ஜன்னலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பிறகு பழைய இடத்திலேயே வைத்தேன். இவ்வளவுதான் நடந்தது.

நாலு மணிக்குள் திரும்பிவிட்டேன். ஆரின் என்னைவிட ஓர் அடி உயரம். இருக்கையை மறுபடி பின்னால் தள்ளினேன், கண்ணாடியை மேலே திருப்பினேன். காலடியில் உதிர்ந்திருந்த பீக்கன் ஓட்டைக்கூடப் பொறுக்கி எறிந்தேன். மீட்டர் என் நினைவிலேயே வரவில்லை. ஒன்பது வருடமாகப் பார்க்காத ஒன்று எப்படி நினைவுக்கு வரும்?

அடுத்து யூமாவுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆரின் நோட்டோடு உள்ளே வந்தான்.

"லவோன், எழுபத்தேழு மைல் அதிகமா இருக்கு."

"எதுல?"

"கார்ல. நாம இங்க ஓட்டினது எல்லாம் சேத்து நூத்திப் பதிமூணு. மீட்டர் நூத்தித் தொண்ணூறு காட்டுது."

"தப்பா கூட்டியிருப்ப."

"நாலு தரம் கூட்டிட்டேன்."

நான் முட்டையைத் திருப்பிப் போட்டேன். அந்த நொடியிலேயே சொல்லியிருக்கலாம். முட்டை வெந்ததும் சொல்லலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அதற்குள் அவன் அடுத்ததைக் கேட்டுவிட்டான்.

"வந்த அன்னிக்கு மீட்டர பாத்துத்தான எழுதின?"

"இல்ல," என்றேன். "மேல இருந்தத பாத்து அப்படியே எழுதினேன்."

"அன்னிக்கு மட்டுமா?"

"எப்பவுமே."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேஜை முன்னால் உட்கார்ந்து பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். நான் சொன்னது உண்மை. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த உண்மையைச் சொல்கிறேன், அதுவும் ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க. அவன் வரைபடத்தைப் பிரித்து விரலால் சாலையைத் தடவினான்.

"சான் சைமன்ல இருந்து இங்க எழுபத்தாறு," என்றான். "உள்ள சுத்தி நிறுத்தினது ஒண்ணு. எழுபத்தேழு."

வில்காக்ஸ் முப்பத்தெட்டரை மைல். போக வர எழுபத்தேழு. நான் தேடினாலும் இப்படிப் பொருந்துகிற பொய் கிடைத்திருக்காது. அவனே கண்டுபிடித்து என் முன்னால் வைத்தான்.

"நான் சாவிய மேல் படியில விட்டுட்டேன்," என்றான். "சான் சைமன்ல. எஞ்சின ஓட்டிட்டு, திருப்பாம வந்துட்டேன்."

"பேட்டரி செத்திருக்குமே."

"பெரிய வண்டியில இருந்து சார்ஜ் ஒயர் போகுதே. அதான் சாகல." முட்டைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான், சாப்பிடவில்லை. "கார்டிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. செஞ்சோம்னு நெனப்பானாம், செஞ்சிருக்க மாட்டான்."

"ஒரு சாவிக்கு இவ்ளோவா?" என்றேன். என் குரல் இயல்பாகவே இருந்தது.

மதியம் அவன் காரின் அடியில் படுத்துக்கொண்டு இணைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்க அங்கே எதுவும் இல்லை. வெண்டல் காபிக் குவளையோடு வந்து அவன் காலைத் தன் காலால் தட்டினார்.

"என்னய்யா, செத்துட்டியா? உன் டிவி எனக்குத்தானே?"

"சாவிய ஆன்ல விட்டுட்டு எழுபத்தாறு மைல் இழுத்துட்டேன்," என்று காரின் அடியிலிருந்து குரல் வந்தது.

"இவ்ளோதானா? போன வருஷம் நான் ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு நாப்பது மைல் இழுத்தேன். பின்னால வந்த லாரிக்காரன் ஹாரன அடிச்சு அடிச்சு, நான் ஏதோ நண்பன்னு கையக் காட்டிட்டே வந்தேன். இறங்கிப் பாத்தா பின் சக்கரம் ரெண்டும் பார்பெக்யூ."

நான் சிரித்துவிட்டேன். ஆரின் சிரிக்கவில்லை.

"உனக்கு அது மறதி," என்றான். "எனக்கு அப்படி இல்ல."

"ஏன், உன் மறதி மட்டும் தங்கத்துல செஞ்சதா?"

"என் குடும்பத்துல இருக்கு வெண்டல்."

வெண்டல் குவளைக்குள் பார்த்தார். "நோட்டு எழுதற ஆளுங்களுக்கு இதான் கஷ்டம் லவோன்," என்று என்னிடம் சொன்னார். "நாங்கல்லாம் எவ்ளோ மறந்தோம்னு எங்களுக்கே தெரியாது. நிம்மதியா இருக்கோம்."

அன்று முழுக்க நான் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். சொன்னால் ஏன் போனாய் என்பான். வீடு பார்க்க என்றால் மறுபடி கார்டி வருவான். ஒரு நாள் கவலைப்பட்டு மறந்துவிடுவான், யூமா போனால் சரியாகிவிடும். இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தன. ஒரு விஷயத்தை மட்டும் நான் எடுத்து வைக்கவில்லை: அவன் மனம் உடைந்தால் எனக்கு லாபம் என்பதை. அது எனக்கு வெள்ளிக்கிழமை மதியம்தான் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரின் பாத்திரம் துடைத்துக்கொண்டே பேசினான்.

"டூசான்ல ஒரு டாக்டருக்கு ஃபோன் பண்ணேன். ஞாபகத்த சோதிக்கிறவங்க. ரெண்டு மாசம் ஆகும்னாங்க. அப்புறம் யாரோ வரலியாம், அடுத்த வியாழக்கிழமை வாங்கன்னாங்க."

"ஆரின்."

"சொல்லி முடிக்கறேன். நாப்பதடி வண்டிய ஓட்டறேன். பின்னால கார் வேற. நான் எதையாவது விட்டு அது அவுந்து போய் ஒரு குடும்பத்து மேல ஏறிடுச்சுன்னா?" தட்டை அடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். "யூமா வேணாம். டாக்டர் என்ன சொன்னாலும் வண்டிய வித்துடலாம். நீதான் போன வருஷம் கேட்டல்ல. எங்கயாவது ஒரு வீடு பாத்துக்கலாம்."

எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், வேறு எப்படியும் சொல்ல முடியவில்லை. குற்ற உணர்வும் இரக்கமும் பிறகு வந்தன. அவை வருவதற்கு முன் அந்தச் சமையலறையும் ஜன்னலும் வந்துவிட்டன. நாற்காலியை எங்கே போடலாம் என்றுகூட மனம் ஒரு நொடி பார்த்தது. நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு, "உன் இஷ்டம்," என்றேன்.

ஐம்பது வருடத்தில் நான் அவனிடம் சொன்னவற்றில் மிக மோசமான வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். சொல்லும்போது அது ஒரு நல்ல மனைவியின் வார்த்தை போலவே இருந்தது.

அவன் முன்பக்கம் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். நிறுத்தியிருக்கும்போது அந்த இருக்கையை உள்பக்கமாகத் திருப்பி நாற்காலியாக்கிக்கொள்வோம். அவன் திருப்பவில்லை. சாலையைப் பார்ப்பது போலக் கண்ணாடிக்கு வெளியே முகாமின் குப்பைத் தொட்டிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். உதடுகள் அசைந்தன. பாட்டு என்று நினைத்தேன். நெருங்கியபோது கேட்டது.

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு. எழுபத்தொம்பது. எழுபத்திரெண்டு." நின்றான். விரல்களைத் தொடையில் வைத்து எண்ணினான். "அறுபத்தஞ்சு."

நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டிருந்தான். கார்டிக்கு அப்படித்தான் சோதனை வைத்தார்கள். கார்டி தொண்ணூற்று மூன்றில் நின்றுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மழை வரும் போலிருக்கிறது என்றான். ஆரின் அப்போது பக்கத்தில் இருந்தான்.

"அறுபத்தஞ்சு," என்று மறுபடி சொன்னான். "அறுபத்தஞ்சுல இருந்து..."

"அந்த எழுபத்தேழு மைல் நான் ஓட்டினது," என்றேன்.

அவன் திரும்பவில்லை.

"நீ டயர் பாக்கப் போன அன்னிக்கு. வில்காக்ஸ் போயிட்டு வந்தேன்."

"வில்காக்ஸ்ல என்ன?"

"ஒரு வீடு. வாடகைக்கு. பாக்கத்தான் போனேன்."

வெளியே யாரோ ஒருத்தர் நாயை நடத்திக்கொண்டு போனார். ஆரின் கையைத் தூக்கிக் காட்டினான், அவரும் காட்டினார். அது பழக்கம்.

"எப்ப போன?"

"பத்து மணிக்கு. நாலுக்குள்ள வந்துட்டேன்."

"சீட்டு பின்னாலதான் இருந்துச்சு."

"நான்தான் தள்ளி வெச்சேன்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஏன் பார்க்கிறான் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"முப்பது மணி நேரம்," என்றான். "நேத்து பத்து மணியில இருந்து."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"இல்ல. நீ சொல்லணும்னு நெனக்கல." குரல் உயரவில்லை. "எனக்கு அந்தச் சாவி ஞாபகம் இருந்துச்சு லவோன். சான் சைமன்ல. காத்துல கதவு அடிச்சுக்குதுன்னு முழங்காலால தாங்கிட்டு இந்தக் கையால திருப்பினேன். ஒரு படி இறங்கினது விரல்ல ஞாபகம் இருந்துச்சு. நேத்து காலையில அத எடுத்துப் பாத்து, இது பொய், நீயா கற்பனை பண்ணிக்கறன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நேத்து ராத்திரி பூரா ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டு இருந்தேன். எது நெஜம் எது இல்லன்னு. நம்ம கல்யாணத்தன்னிக்கு மழை பேஞ்சுதே, அது உட்பட."

மழை பெய்தது, என்று மட்டும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்," என்றான்.

எழுந்து இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். கிளப்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு மணி நேரம் போல இருந்தான். வெண்டல் ஒரு தடவை அருகே போய், குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். நான் மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் அடுக்கி அடுப்பில் வைத்தேன். கோபத்தில் இருக்கிறவனுக்கும் பசிக்கும்.

உள்ளே வந்தபோது அவன் கையில் நோட்டு இருந்தது. என் எதிரில் உட்கார்ந்தான்.

"முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றான். "அந்த வீட்டுக்கு. நீ கேட்டிருந்தா."

"அதான் கேக்கல."

"கேட்டு, நான் முடியாதுன்னு சொல்லி, நீ சண்டை போட்டிருக்கலாம். அது வேற."

"ஆமா."

"நான் வண்டிய விக்கறேன்னேன். நீ உன் இஷ்டம்னு சொன்ன."

"சொன்னேன்."

"அப்ப சந்தோஷமா இருந்துச்சா?"

அந்தக் கேள்வியை அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "இருந்துச்சு," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான், ஏதோ ஒரு கூட்டல் சரியாக வந்தது போல. பிறகு அடுப்பைத் திறந்து பார்த்து மூடினான். இருவரும் சாப்பிட்டோம். உப்பு போதவில்லை, அவன் போட்டுக்கொண்டு பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான்.

"வியாழக்கிழமை வேணாம்னு ஃபோன் பண்ணிச் சொல்லிடவா?" என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதே என்ற நினைப்பு எனக்கு. அந்த நிம்மதியைக் கொடுத்துவிட்டோம், அந்த அளவுக்காவது சரிசெய்துவிட்டோம் என்ற நினைப்பு.

"வேணாம். போறேன்."

"சாவி நீ விடலியே."

முள்கரண்டியைக் கீழே வைத்தான். நோட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பினான். பென்சனுக்கு முன்னால் டெமிங்குக்கு வந்து சேர்ந்த நாளின் வரி. இழுத்தது என்ற கட்டத்தில் ஓர் எண், பக்கத்தில் குறிப்பு: 'சாலை வேலை, சுற்று வழி, 11.'

"ரோட்ல வேலை எதுவும் நடக்கலியே அன்னிக்கு," என்றேன்.

"இல்ல."

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஊருக்குள் இரண்டு தடவை சுற்றினோம். டீசல் எங்கே மலிவு என்று பார்க்கிறேன் என்றான். நான் ஒரு துணிக்கடையைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டு வந்தேன்.

"எனக்கு முகாம் எங்க இருக்குன்னு தெரியல," என்றான். "நாலு வருஷமா போற இடம். ரயில் பாதையத் தாண்டணுமா வேணாமான்னு தெரியல. அப்புறம் திடீர்னு தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமே."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். என்னையே பார்த்தான். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது, கூடவே வேறு ஏதோவும்.

"நீ நோட்ட பாக்கவே மாட்டேன்னு எனக்குத் தெரியும்," என்றான். "அந்தத் தைரியத்துலதான் எழுதினேன்."

சனிக்கிழமை நாங்கள் கிளம்பவில்லை. முகாம் அலுவலகத்தில் இன்னும் ஒரு மாதத்துக்குச் சொல்லிவைத்தேன். நடுவில் இருந்த நாட்களில் அவன் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினான். காபி ஆறுகிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்து விடு. ஒருமுறை பேச்சுவாக்கில், "அந்த வீட்ல கராஜ் இருக்கா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டான். நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை டூசானுக்கு நான்தான் ஓட்டினேன். அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு அவன் வலதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தார்கள். நான் வெளியே ஒரு பத்திரிகையின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். மருத்துவர் இளம்பெண், மேஜையில் எங்கள் பக்கமாகச் சாய்ந்து பேசினாள்.

"பெரும்பாலானது நல்லா பண்ணியிருக்கீங்க. ரெண்டு மூணு இடத்துல நான் எதிர்பாத்தத விட மெதுவா இருக்கு. அது வயசாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆறு மாசத்துல திரும்பப் பாத்தாதான் சொல்ல முடியும். அதுக்கு அப்புறமும் ஆறு மாசம். ஒரே இடத்துல, ஒரே ஆள் பாத்தா நல்லது."

"வண்டி ஓட்டலாமா?" என்றான் ஆரின்.

"கார் ஓட்டலாம். அந்தப் பெரிய வண்டி..." யோசித்தாள். "நானா இருந்தா அத ஓட்டறத விட்டுடுவேன்."

"ஏழேழா கழிக்கச் சொன்னீங்களே, அது எப்படி?"

"அதுல ஒரு தப்பும் இல்ல," என்றாள்.

காரில் அவன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கைகளை மடியில் வைத்துக்கொண்டான். நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பினேன். எதிரில் எங்களுடையதைப் போன்ற ஒரு பெரிய வண்டி பின்னால் சிவப்புக் கார் ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. அது சிறியதாகும்வரை திரும்பிப் பார்த்தான்.

"நீ முதல்லயே சொல்லியிருந்தா நான் டாக்டருகிட்ட போயிருக்க மாட்டேன்," என்றான். "அதுக்காக உனக்கு நன்றி சொல்லுவேன்னு நெனக்காத."

"நெனக்கல."

"நாள் ஆகும்."

"தெரியும்."

பென்சனுக்கு இரண்டு மைல் என்ற பலகை வந்தது. வலது ஓரத்துக்கு வந்து திரும்பும் விளக்கைப் போட்டேன். விளக்கின் டிக் டிக் ஓசை உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது.

"நேரா போ," என்றான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேராகப் போனால் வில்காக்ஸ்.

"பாக்கறதுக்குத்தான்," என்றான். "வேற யாராவது எடுத்திருந்தாலும் எடுத்திருப்பாங்க."

விளக்கை அணைத்து மறுபடி நடு வழிக்கு வந்தேன். வீடு இன்னும் காலியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேனா, இருக்கக்கூடாது என்று நினைத்தேனா என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வேகத்தை அறுபத்தைந்தில் வைத்துக்கொண்டேன். ஆரின் குனிந்து மீட்டரைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தன் பக்க ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டான்.